நீங்கள் எங்கே சிக்கிக்கொண்டீர்கள்? கணினிச் சாகச விளையாட்டுகளை விமர்சிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமர்சகர்களுக்கு வணக்கம்.

கணினியில் சாகச விளையாட்டுகளை, அதாவது புதிர்களை அவிழ்த்தபடியே கதையில் முன்னேறும் விளையாட்டுகளை, ஆடி, அவற்றைப் பற்றி எழுத்திலும் காணொளியிலும் கருத்துச் சொல்லிவரும் உங்கள் அனைவரையும் நோக்கி இந்த மடலை எழுதுகிறேன். எந்த விளையாட்டை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று முடிவுசெய்வதற்கு முன் உங்களில் மூன்று நான்கு பேரையாவது படித்துவிடுவது என் நெடுநாள் பழக்கம். அந்தப் பழக்கத்தால் நான் பெற்றவை அதிகம். விளம்பரமே இல்லாமல் வெளிவந்த பல நல்ல விளையாட்டுகளை உங்கள் மூலமாகத்தான் அறிந்தேன். அந்த நன்றியோடுதான் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன்.

ஒரு சாகச விளையாட்டை விமர்சிக்கும்போது, அதில் நீங்கள் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டீர்கள், எவ்வளவு நேரம் சிக்கிக் கிடந்தீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். கதை, ஓவியம், இசை, குரல் நடிப்பு, ஆடி முடிக்க ஆகும் நேரம் ஆகிய அனைத்தையும் விரிவாகச் சொல்லும் உங்கள் விமர்சனங்களில், புதிர்களுக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே வரிதான் கிடைக்கிறது. "புதிர்கள் சவாலானவை, ஓரிரு இடங்களில் தர்க்கம் இடிக்கிறது" என்ற அந்த வரியை நான் எத்தனையோ விளையாட்டுகளின் விமர்சனங்களில் படித்துவிட்டேன். எந்த விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்பதால் எந்த விளையாட்டைப் பற்றியும் அது எதையும் சொல்வதில்லை.

இந்தக் கோரிக்கை எனக்குள் எழுந்த சூழலைச் சொல்ல வேண்டும். அண்மையில் ஒரு விளையாட்டை, நான் மதிக்கும் ஒருவரின் விமர்சனத்தை நம்பி வாங்கினேன். விளையாட்டின் பெயரையும் விமர்சகரின் பெயரையும் சொல்ல விரும்பவில்லை. முதல் நான்கு மணி நேரம் அவர் எழுதியபடியே இருந்தது: அழகான பின்னணி ஓவியங்கள், அளவான உரையாடல், நிதானமாக அவிழும் கதை. ஐந்தாம் மணி நேரத்தில் ஒரு கடிகார அறைக்கு வந்தேன். சுவரில் பெரிய கடிகாரம். அதன் முள்ளைத் திருப்பலாம். கீழே பூட்டிய இழுப்பறை ஒன்று. சரியான நேரத்துக்கு முள்ளை வைத்தால் இழுப்பறை திறக்கும் என்பது பார்த்தவுடனே புரிந்துவிட்டது. நேரத்தைக் குறிக்கும் தடயத்தையும் முந்தைய அத்தியாயத்தின் கடிதம் ஒன்றில் கண்டுபிடித்துவிட்டேன். முள்ளைத் திருப்பினேன், எதுவும் நடக்கவில்லை. தடயத்தைத் தவறாகப் படித்தேனோ என்று நினைத்து, காலை, மாலை, கண்ணாடியில் தெரியும் நேரம், தலைகீழ் நேரம் என்று ஒரு பிற்பகல் முழுவதும் முயன்றேன். கடைசியில் இணையத்தில் விடையைத் தேடிப் பார்த்தபோது, நான் முதலில் வைத்த நேரமே சரி என்று தெரிந்தது. ஆனால் வீட்டுக் காவலாளியிடம், ஏற்கெனவே இரண்டு முறை பேசி முடித்துவிட்ட அதே காவலாளியிடம், மூன்றாம் முறையும் பேசியிருக்க வேண்டுமாம். அவர் புதிதாக எதையும் சொல்வதில்லை. அந்த மூன்றாவது உரையாடல் நிகழ்ந்த பிறகுதான் கடிகாரம் இயங்க விளையாட்டின் நிரல் அனுமதிக்கிறது.

நான் படித்த விமர்சனத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விமர்சகர் தற்செயலாகக் காவலாளியிடம் மூன்று முறை பேசியிருக்கலாம். அல்லது வாக்த்ரூ ஒன்றை, அதாவது எல்லாப் புதிர்களின் விடைகளையும் வரிசையாகச் சொல்லும் வழிகாட்டியை, பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும், அவர் ஆடிய விளையாட்டும் நான் ஆடிய விளையாட்டும் வேறு வேறாகிவிட்டன.

சண்டை விளையாட்டிலும் ஓட்டப் பந்தய விளையாட்டிலும் தோற்பவர் மறுபடி முயல்கிறார். முயலும் ஒவ்வொரு முறையும் அவருடைய கை கொஞ்சம் தேறுகிறது. சாகச விளையாட்டில் சிக்கிக்கொள்பவரின் கை சும்மாதான் இருக்கிறது. அவர் யோசிக்கிறார், அறைக்கு அறை நடக்கிறார், பையில் உள்ள பொருட்களைப் புரட்டுகிறார், கணினியை அணைத்துவிட்டுப் போன பிறகும் குளிக்கும்போது நினைத்துக்கொள்கிறார். இந்தச் சிக்கல்தான் இவ்வகை விளையாட்டின் உயிர். விடை தானாகத் தட்டுப்படும் கணத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு எந்த வகை விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த மகிழ்ச்சியைத் தருகிறதா, அல்லது ஒரு பிற்பகலை வீணாக்குகிறதா என்பதுதான் ஒரு சாகச விளையாட்டைப் பற்றி நான் முதலில் அறிய விரும்புவது.

இந்த இரண்டு வகைச் சிக்கலும் இந்த வகைக்குப் பெயர் கொடுத்த விளையாட்டிலேயே அருகருகே இருக்கின்றன. குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்ட நிரலாளர் வில் க்ரௌதர், அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மாமத் குகையை அடிப்படையாக வைத்து 1970களின் நடுவில் எழுதி, 1977இல் டான் உட்ஸ் விரிவாக்கிய 'அட்வென்ச்சர்' என்ற, படமே இல்லாமல் கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆடும் எழுத்து விளையாட்டைச் சொல்கிறேன். அதில் ஒரு பாம்பு வழியை மறிக்கிறது. அதை விரட்ட ஒரு பறவை வேண்டும். கூண்டோடு பறவையை நெருங்கினால் அது மிரண்டு பிடிபடாமல் போகிறது. அப்போது விளையாட்டு தரும் பதிலைக் கவனிக்க வேண்டும்: நீங்கள் உள்ளே வந்தபோது பறவை பயப்படவில்லை, நெருங்கும்போதுதான் கலவரமடைகிறது என்று அது சொல்கிறது. அப்படியானால் என்னிடம் உள்ள ஏதோ ஒன்றுதான் அதை மிரட்டுகிறது என்று யோசித்து, கையில் இருக்கும் கறுப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டுப் போனால் பறவை பிடிபடுகிறது. தவறான முயற்சிக்குக் கிடைத்த பதிலே சரியான முயற்சிக்கு வழிகாட்டிவிட்டது. அதே குகையில் ஒரு டிராகனும் உண்டு. அதைக் கொல் என்று தட்டச்சு செய்தால், எதைக் கொண்டு, வெறும் கைகளாலா என்று விளையாட்டு கேட்கும். ஆட்டக்காரர் அதைக் கேலி என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் தட்டினால் டிராகன் செத்துவிடும். முதல் புதிரில் என் அறிவு வேலை செய்தது. இரண்டாவதில் எதையாவது தட்டிப் பார்க்கும் கை மட்டுமே வேலை செய்தது.

விடுகதை சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். அள்ள முடியும், கிள்ள முடியாது என்றால் தண்ணீர். விடையைக் கேட்ட பிறகு கேள்விக்குத் திரும்பிப் போனால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் விடைக்குப் பொருந்துகிறது. தெரியாமல் போனதற்கு நம்மையே நொந்துகொள்கிறோம், கேட்டவரை நொந்துகொள்வதில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் விடுகதையை ஒரு குழந்தைகூட ஏற்றுக்கொள்ளாது. சாகச விளையாட்டின் புதிரையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அளப்பதற்கு, விடை தெரியாமல் ஒரு நேரமாவது நீங்கள் நின்றிருக்க வேண்டும்.

1993இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட 'டே ஆஃப் தி டென்டக்கிள்' விளையாட்டில் மூன்று நண்பர்கள் ஒரே வீட்டின் மூன்று காலங்களில் ஆளுக்கொன்றில் இருக்கிறார்கள். அதில் ஒரு வெள்ளெலி வருகிறது. நிகழ்காலத்தில் உறைபெட்டியில் வைத்த அந்த எலி, இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய எதிர்காலத்தில் வெளியே எடுத்துச் சூடாக்கப்படுகிறது. உயிர் வந்த பிறகும் குளிரில் நடுங்கியபடி ஓட மறுக்கிறது. அதற்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். கையில் இருப்பதோ ஆள் போடும் அளவிலான ஸ்வெட்டர். நிகழ்காலத்தில் உள்ள துணி உலர்த்தும் இயந்திரத்தில் அதைப் போட்டு, மூட்டை நிறையக் காசுகளை இயந்திரத்தில் கொட்டிவிட்டால், இருநூறு ஆண்டு ஓடிய பிறகு எதிர்காலத்தில் இருப்பவர் இயந்திரத்தைத் திறந்து எலிக்கு அளவான ஸ்வெட்டரை எடுத்துக்கொள்கிறார். கம்பளி சூட்டில் சுருங்கும் என்பது நமக்குத் தெரியும். இந்த வீட்டில் மூன்று காலங்கள் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை விளையாட்டு தொடக்கத்திலிருந்தே பழக்கிவிட்டது. தெரிந்த இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்கத் தவறியதுதான் நம் குறை. நான் இந்தப் புதிரில் இரண்டு நாள் சிக்கியிருந்தேன். விடை தோன்றியபோது நாற்காலியிலிருந்து எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். "நகைச்சுவையான, புத்திசாலித்தனமான புதிர்கள்" என்று எழுதிவிட்டால் இந்த இரண்டு நாளும் வாசகருக்குப் போய்ச் சேராது.

எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் உங்களில் பெரும்பாலோர் 1999இல் வந்த மூன்றாவது 'கேப்ரியல் நைட்' விளையாட்டின் பூனைமயிர் மீசையைத்தான் சொல்வீர்கள். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுக்க இன்னொருவராக வேடமிட வேண்டும். பூனையின் மயிரை ஒட்டுநாடாவில் பிடித்து, இனிப்புப் பாகால் அதை மீசையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். யாருடைய வேடமோ அவருக்கு மீசையே கிடையாது என்பதால் அவருடைய கடவுச்சீட்டுப் படத்திலும் மீசை வரைய வேண்டும். 2000இல் 'ஓல்ட் மேன் மர்ரே' தளத்தில் எரிக் வோல்பா இந்தப் புதிரைப் பிரித்துப் போட்டு எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவருடைய தீர்ப்பு நியாயமானதே. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அந்த விளையாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் மீசையை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே விளையாட்டில்தான், மர்மமான கவிதை ஒன்றின் அடிகளைப் படித்துப் படித்து, பிரெஞ்சு ஊர் ஒன்றின் வரைபடத்தில் கோடுகளையும் வட்டங்களையும் இட்டு மறைவிடத்தைக் கண்டுபிடிக்கும் நீண்ட புதிர்த்தொடர் இருக்கிறது. இந்த வகையிலேயே மிகச் சிறந்த புதிர்களில் ஒன்று அது என்று உறுதியாகச் சொல்வேன். அங்கே சிக்கிக்கொண்டவர் கையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார். ஒரே விளையாட்டு இரண்டு விதமாகவும் சிக்கவைக்கிறது. புதிர் புதிராகப் பிரித்துப் பேசாத விமர்சனத்தால் அதை எப்படிச் சொல்ல முடியும்?

வாக்த்ரூ பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். விமர்சனத்துக்காக முன்கூட்டியே பிரதி அனுப்பும் வெளியீட்டாளர்கள் சில வேளைகளில் விடைக்குறிப்புகளையும் சேர்த்து அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வெளியீட்டு நாளுக்குள் எழுதி முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவர், ஒரே அறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க முடியாது என்பதையும் புரிந்துகொள்கிறேன். குறிப்பைப் பார்த்ததற்காக உங்களை யாரும் குறை சொல்லப்போவதில்லை. "நான்கு இடங்களில் குறிப்பைப் பார்த்தேன், அவற்றில் இரண்டு இடங்களில் பொறுமை இல்லாமல் பார்த்தேன், இரண்டு இடங்களில் பார்த்த பிறகும் விடை விளங்கவில்லை" என்று எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு எனக்குப் பத்துக்கு எட்டு என்ற மதிப்பெண்ணைவிடப் பெரியது. குறிப்பைப் பார்த்ததை மறைத்துவிட்டு, "புதிர்கள் தடையில்லாமல் ஓடுகின்றன" என்று எழுதும்போதுதான் நான் ஏமாற்றப்பட்டவனாகிறேன்.

குறிப்பு தருவதும் ஒரு கலை என்பதை இந்தத் துறை தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. 1980களில் இன்ஃபோகாம் நிறுவனம் தன் எழுத்து விளையாட்டுகளுக்கு விற்ற குறிப்பேடுகளில் விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிடப்பட்டிருந்தன. உடன் வரும் பேனாவால் தீட்டினால்தான் அவை தெரியும். ஒரு கேள்விக்குக் கீழே பல படிகள் இருக்கும்: முதல் படியில் மெல்லிய சாடை, கடைசிப் படியில் முழு விடை. கேள்விகளைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, விளையாட்டில் இல்லாத சங்கதிகளைப் பற்றிய போலிக் கேள்விகளையும் இடையிடையே சேர்த்திருந்தார்கள். ஆட்டக்காரரின் சிந்தனைக்கு எவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். இன்று குறிப்புகள் விளையாட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. 2009இல் வந்த 'மெஷினேரியம்' விளையாட்டில் முழு விடைப் பக்கத்தைத் திறக்க ஒரு சிறு விளையாட்டை ஆடி முடிக்க வேண்டும்; அந்தச் சிறு சிரமமே, இன்னும் ஒருமுறை யோசித்துப் பார்ப்போமே என்று தோன்றச் செய்கிறது. 2022இல் வந்த 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' விளையாட்டில் நாயகனின் பையிலேயே குறிப்புப் புத்தகம் இருக்கிறது. இவற்றைப் பற்றி "உதவி வசதி உண்டு" என்று எழுதி நகர்ந்துவிடுகிறீர்கள். முதல் குறிப்பு எவ்வளவு சொல்கிறது, நாம் ஏற்கெனவே கண்டுபிடித்ததை அது அறிந்துகொள்கிறதா, கேட்காமலே வாயைத் திறக்கிறதா என்பவைதானே எனக்குத் தெரிய வேண்டியவை? சில புதிய விளையாட்டுகளில் நாயகியே தனக்குத்தானே பேசுவது போல, நான் அறைக்குள் நுழைந்த அரை நிமிடத்தில் விடையை உளறிவிடுகிறாள். யோசிக்கவே விடாத விளையாட்டும் என் பிற்பகலைப் பறித்ததாகத்தான் பொருள்.

மொழியால் வரும் சிக்கலைப் பற்றி மிகச் சிலரே எழுதுகிறீர்கள். 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டில் அருவியின் நீரை நிறுத்த ஒரு திருகைத் திருப்ப வேண்டும். அதற்கு, பியானோ வாசிக்கும் குரங்கை மயக்கி விறைக்கச் செய்து, அந்தக் குரங்கையே முறுக்குக் கருவியாகப் பயன்படுத்த வேண்டும். ஒரு வகைத் திருகுசாவிக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். அந்தச் சொல் தெரிந்தால் சிரிப்பு வரும். திருகுசாவியை 'ஸ்பேனர்' என்று அழைத்து வளர்ந்த பிரிட்டன்காரருக்கே அந்தச் சிலேடை எட்டாது என்றால், ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர் எங்கே போவார்? இன்றும் எழுத்துப் புதிர்களும் சிலேடைப் புதிர்களும் குறுக்கெழுத்துப் பூட்டுகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்விளையாட்டை நம்பியிருக்கும் புதிர் எத்தனை என்று ஒரு விமர்சனம் சொன்னால், உலகம் முழுவதும் உள்ள எத்தனையோ ஆட்டக்காரர்கள் நன்றியோடு படிப்பார்கள். ஒரு சொல்லும் பேசாமல் படங்களாலேயே நினைவுகளைச் சொல்லும் 'மெஷினேரியம்' போன்றவற்றின் அருமையும் அப்போதுதான் உரிய வெளிச்சத்தில் தெரியும்.

திரும்பிப் போக முடியாத முட்டுச்சந்துகளைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. 1990இல் வந்த ஐந்தாவது 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டில், எலியைத் துரத்தும் பூனையின் மேல் சில நொடிகளுக்குள் எதையாவது எறியாவிட்டால், வெகு நேரம் கழித்துப் பாதாள அறையில் கட்டிப்போடப்படும்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க அந்த எலி வராது. ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 'மங்கி ஐலண்ட்' விளையாட்டுகளை உருவாக்கிய ரான் கில்பர்ட் 1989இலேயே இத்தகைய வடிவமைப்பைக் கடுமையாக விமர்சித்துக் கட்டுரை எழுதினார். சாவி கிடைப்பதற்கு முன்பே பூட்டை ஆட்டக்காரர் பார்த்திருக்க வேண்டும் என்பது அதில் அவர் வலியுறுத்தியவற்றில் ஒன்று. இன்று உயிர்போகும் முட்டுச்சந்துகள் அரிதாகிவிட்டன. ஆனால் பூட்டைப் பார்க்கும் முன்பே சாவியைக் கையில் திணிக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றின் மேல் தேய்த்துப் பார்க்கும் நிலைக்கு நாம் தள்ளப்படுவது அதனால்தான்.

கணினியில் ஆடுவோருக்கென்றே எழுதும் உங்களிடம் சுட்டியைப் பற்றியும் ஒரு சொல். 1998இல் வந்த 'கிரிம் ஃபண்டாங்கோ' சுட்டியை விட்டுவிட்டு விசைப்பலகையால் நாயகனை நடத்தவைத்தது. தொடக்கூடிய பொருள் அருகில் இருந்தால் நாயகன் அதன் பக்கம் தலையைத் திருப்பிப் பார்ப்பான். அழகான எண்ணம்தான். ஆனால் அந்தத் தலைத் திருப்பலைக் கவனிக்காமல் ஒரு பொருளைத் தவறவிட்டு, புதிர் கடினம் என்று நினைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். 2015இல் வந்த மறுபதிப்பில் சுட்டியால் சொடுக்கும் வசதி சேர்ந்தபோது, அதே புதிர் எனக்குச் சில நிமிட வேலையாக இருந்தது. கண் செய்த பிழையும் கருத்து செய்த பிழையும் ஆட்டக்காரருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியது நீங்கள்தான். இருண்ட மூலையில் மூன்று புள்ளி அகலத்தில் கிடக்கும் ஊசியைத் தேடுவது புதிர் ஆகாது. தொடக்கூடிய இடங்களைக் காட்டும் விசை உண்டா, தொலைக்காட்சியில் ஆடும் கருவிகளுக்காக வடிவமைத்த தெரிவுப் பட்டியல்களை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறார்களா, நினைத்த இடத்தில் சேமிக்க முடிகிறதா, எழுத்தைப் பெரிதாக்க முடிகிறதா என்பவற்றையும் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்.

விதிகளை நடுவழியில் மாற்றும் புதிரையும் தனியாகச் சுட்டிக்காட்டுங்கள். 1996இல் வந்த முதல் 'புரோக்கன் ஸ்வோர்ட்' விளையாட்டின் ஆட்டுக்கிடா அதற்குப் பெயர்போனது. அதுவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்று பழக்கியிருந்த விளையாட்டு, ஆடு முட்டித் தள்ளிய கணத்தில் மட்டும் விரைந்து எழுந்து ஓட வேண்டும் என்று எதிர்பார்த்தது. அங்கே சரியான இடத்தைக் கண்டுபிடித்தும், மெதுவாகச் சொடுக்கியதால் அந்த எண்ணத்தையே கைவிட்டவர்கள் ஏராளம்.

இதையெல்லாம் எழுதினால் விடை வெளிப்பட்டுவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கவலை. பழைய விளையாட்டுகள் என்பதால்தான் மேலே நான் விடைகளை வெளிப்படையாகச் சொன்னேன்; புதியவற்றில் அது கூடாது. ஆனால் சிக்கிய இடத்தைச் சொல்ல விடையைச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "மூன்றாம் அத்தியாயத்தில் துறைமுகத்தில் ஐம்பது நிமிடம் நின்றேன். தேவையான பொருள் முதல் அத்தியாயத்திலிருந்தே என்னிடம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு பயன்தான் என்று நானாக முடிவுசெய்திருந்தேன். விளையாட்டு அதை இரண்டு இடங்களில் மறுத்துக் காட்டியதைக் கவனிக்கவில்லை. பிழை என்னுடையது. நான்காம் அத்தியாயத்தில் கோபுர வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். தவறான முயற்சிகள் அனைத்துக்கும் 'அது சரிவராது' என்ற ஒரே பதில்தான் வந்தது. குறிப்பைப் பார்த்த பிறகும் அந்த விடைக்கு எந்தத் தடயமும் முன்னால் தரப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை." இதில் எந்த விடையும் இல்லை. ஆனாலும் அந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த முறையின் தேவை புதிய விளையாட்டுகளால் இன்னும் கூடியிருக்கிறது. 2018இல் லூகாஸ் போப் உருவாக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' விளையாட்டில் ஒரு கப்பலைச் சேர்ந்த அறுபது பேரின் கதி என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரைச் சரியாகச் சொன்ன பிறகே விளையாட்டு அதை உறுதிசெய்கிறது. ஒருவரைச் சரியாக அறிந்தும், மற்ற இருவரில் தவறியதால் எல்லாமே தவறோ என்று தடுமாறும் அந்த நேரமே அதன் சுவை. 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' விளையாட்டில் ஆட்டக்காரர் சேகரிப்பது அறிவை மட்டுமே; இருபத்திரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை அனைத்தும் தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. விடையை வாசித்துவிட்டு ஆடியவருக்கு இந்த இரண்டிலும் எதுவுமே மிஞ்சாது. இவற்றை அவசரமாக ஆடி வெளியீட்டு நாளன்று எழுதுவதைவிட, இரண்டு வாரம் தாமதமாக எழுதுங்கள். நாங்கள் காத்திருப்போம். சாகச விளையாட்டுகள் வெளிவந்த வாரத்தோடு பழையதாகிவிடுபவை அல்ல; முப்பது ஆண்டுக்கு முந்தையவற்றை ஸ்கம்விஎம் போன்ற இலவச மென்பொருளின் துணையோடு இன்றைய கணினிகளில் ஆடிக்கொண்டிருக்கும் கூட்டம் நாங்கள்.

புதிர்களையே தவிர்த்துவிட்டு நடையாலும் கதையாலும் நகரும் விளையாட்டுகளை இதில் நான் சேர்க்கவில்லை. அவற்றுக்கு வேறு அளவுகோல்கள் உண்டு. அவற்றைப் புதிர் இல்லை என்பதற்காகக் குறைத்து மதிப்பிடுவதை நான் ஏற்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிக்கிக்கொண்டதை எழுதினால் வாசகர் தன்னைக் குறைவாக எடைபோடுவார் என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. எளிய புதிர் ஒன்றில் முக்கால் மணி நேரம் தடுமாறியதை எழுதிய ஒரு விமர்சகரை அன்றிலிருந்து நான் விடாமல் படித்துவருகிறேன், ஏனென்றால் அவர் எந்த வகைப் புதிரில் தடுமாறுவார், எதில் விரைவார் என்று எனக்கு இப்போது தெரியும். எண்ணும் வடிவமும் கொண்ட பூட்டுகளில் அவர் திணறுவார், மனிதர்களின் பேச்சில் உள்ள முரணை உடனே பிடித்துவிடுவார். நான் அப்படியே எதிர்மாறு. அவர் கடினம் என்றால் எனக்கு எளிது, அவர் எளிது என்றால் நான் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கடிகார அறைக்கு நான் இன்னும் திரும்பிப் போகவில்லை. சேமித்த ஆட்டம் கணினியில் அப்படியே இருக்கிறது. அந்த விளையாட்டை ஆடிய உங்களில் எவரேனும், அந்த அறைக்குப் பிறகு இதுபோன்ற மறைவான நிபந்தனைகள் வேறு உண்டா என்பதை மட்டும், விடைகளைச் சொல்லாமல், எழுதுவீர்களானால், தொடரலாமா விட்டுவிடலாமா என்று முடிவுசெய்துகொள்வேன்.

அன்புடன்,
உங்கள் விமர்சனங்களை நம்பி ஆடிவரும் ஒருவன்